68 சதவீதமும் ஒரு மெடிக்கல் சர்டிபிகேட்டும்

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் பையன், எனக்கு ஒதுக்கியிருந்த மென்டரிங் பிள்ளைகளில் ஒருவன். அட்டெண்டன்ஸ் குறைவாக இருப்பவர்களின் லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றான். அவன் பெயருக்கு நேரே 68 என்று இருந்தது.

“சார், எனக்கு டைபாய்டுன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா ஃபார்வர்ட் பண்ணுவீங்களா?”

“உனக்கு டைபாய்டு வந்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்புறம் நான் எப்படிப்பா கையெழுத்து போடுறது?”

“சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கெஞ்சவில்லை, காரணமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். எங்களுடையது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. 2021 ரெகுலேஷன்படி செமஸ்டருக்கு மொத்தமாக 75 சதவீதம் வேண்டும். 65-லிருந்து 74 வரை இருந்தால், அதுவும் மாணவனுக்கே உடம்பு முடியாமல் போயிருந்தாலோ விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தாலோ, சர்டிபிகேட்டுடன் பிரின்சிபால் வழியாகப் போய்ப் பரீட்சை எழுதலாம். 65-க்குக் கீழே என்றால் அந்த வழியும் இல்லை, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். 68-ல் இருக்கிறவன் கையில் ஒரு சர்டிபிகேட் இல்லையென்றால் அவன் கதியும் அதுதான். வீட்டில் கஷ்டம், அப்பா படுக்கையில், வேலைக்குப் போகிறேன் என்பதற்கெல்லாம் அந்த ரூலில் இடம் கிடையாது. பொய் சர்டிபிகேட்டில் நான் கையெழுத்து போட்டால், உண்மையிலேயே டெங்குவில் கிடந்துவிட்டு வருகிற பிள்ளையின் சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு? இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன்.

ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு பையன் வந்தான். அவனுக்கு 71. அவன் எதுவும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மேசையில் வைத்தான். டைபாய்டு, பதினைந்து நாள் ஓய்வு, டாக்டர் சீல், பதிவு எண் எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரு புதன்கிழமை அவன் லேபில் என்னிடமே ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். தேதியைப் பார்த்ததுமே அது ஞாபகத்துக்கு வந்தது. இருந்தும் கையெழுத்து போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பேப்பர் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைத் துருவுவது என் வேலை இல்லை என்று ஒரு பதில் வரும். டைபாய்டுக்கு நடுவில் ஒரு நாள் ரெக்கார்ட் முடிக்க வந்திருக்கலாமே என்றும் சொல்லிக்கொள்வேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்னிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டவனுக்கு ரூலைச் சொன்னேன், சொல்லாமல் நீட்டியவனுக்குக் கையெழுத்து போட்டேன். முதல் பையனும் கேட்காமல் சர்டிபிகேட்டோடு வந்து நின்றிருந்தால் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இதுதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

அந்த முதல் பையனின் அப்பா காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். ஜூலையில் மூட்டையோடு விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. அந்த இடத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்கவில்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள், அப்புறம் அப்பா எழுந்து வந்தாலும் வேலை இருக்காது. அதனால் இவன் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் லாரி இறக்கிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பஸ் பிடித்து மூன்றாவது பீரியடுக்கு வந்துகொண்டிருந்தான். தினமும் இரண்டு பீரியட் போனால் சதவீதம் எங்கே நிற்கும்? இதெல்லாம் அவன் அம்மா டிசம்பரில் கல்லூரிக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். “உங்ககிட்ட சொல்லலீங்களா சார்?” என்று கேட்டார். என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

சொல்லவில்லை என்பது உண்மைதான். நான் எந்த அளவுக்குக் கேட்டேன் என்பது மென்டரிங் நோட்டில் இருக்கிறது. ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் இரண்டு, அக்டோபரில் ஒன்று. நான்கு இடத்திலும் என் கையெழுத்தில் ஒரே வரி: ‘ஒழுங்காக வகுப்புக்கு வரும்படி அறிவுரை வழங்கப்பட்டது.’ பக்கத்தில் அவன் சின்னதாகக் கையெழுத்து போட்டிருக்கிறான். செப்டம்பரில் ஒரு நாள் அவன் குனிந்து அந்தக் கையெழுத்தைப் போடும்போது சட்டைக் காலருக்குள் ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. பார்த்தேன். தட்டிவிட வேண்டும் என்று தோன்றியதே தவிர, காலை பத்தரை மணிக்குக் காலேஜ் வருகிறவன் காலரில் வெங்காயச் சருகு எப்படி வந்தது என்று தோன்றவில்லை. ஏன் லேட் என்று கேட்டதற்கு “வீட்ல கொஞ்சம் பிரச்சினை சார்” என்றான். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பதில், அதற்கு மேல் நான் போகவில்லை. வகுப்பு, லேப், அக்ரெடிடேஷன் ஃபைல் எல்லாம் ஒருவனே பார்க்கும்போது ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேச எங்கே நேரம் என்பதும் நியாயம்தான். ஆனால் அந்த நான்கு வரி எழுத எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று ஜனவரியில்தான் தெரிந்தது. எக்ஸாம் செல்லில் இருக்கும் மேடம் பேச்சுவாக்கில் கேட்டார், “ஏன் சார், அந்தப் பையனை பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு அப்ளை பண்ண வச்சிருக்கலாமே?” தக்க காரணம் காட்டி, எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன் கடைசித் தேதிக்குள் பிரின்சிபால் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் ஒரு வருஷம் வரை முறைப்படி நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து சேரலாம். ரூல் புத்தகத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பது எனக்குத் தெரியாதது இல்லை, அந்தச் சாயங்காலம் வாயில் வரவில்லை.

எப்படியும் ஒரு வருஷம் போகத்தானே போகிறது, என்ன வித்தியாசம் என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் இல்லாமல் நிறுத்தப்பட்டால் அந்தக் காலம் அனுமதிக்கப்பட்ட இடைவெளியாகக் கணக்கில் வராது. அதோடு டிஸ்டிங்ஷனுக்கு 8.50 சி.ஜி.பி.ஏ. மட்டும் போதாது, எந்த செமஸ்டரிலும் அட்டெண்டன்ஸுக்காகப் பரீட்சை எழுத விடாமல் நிறுத்தப்பட்டிருக்கக் கூடாது. முறையாக பிரேக் எடுத்தவனுக்கு அந்தத் தடை கிடையாது. நான்காவது செமஸ்டர் முடிவில் இவன் 8.7. வீட்டில் முதல் பட்டதாரி. இனி அவன் எத்தனை வாங்கினாலும் அந்தச் சான்றிதழில் டிஸ்டிங்ஷன் என்ற வார்த்தை வராது. வேலை கொடுக்கிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவனுக்கு வந்திருக்க வேண்டியது அது.

இந்த ஜூலையில் வந்து சேர்ந்துவிட்டான். அப்பா எழுந்து நடக்கிறார், லேசான வேலைக்குப் போகிறாராம். ஜூனியர்களோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், முதல் பீரியடுக்கே வருகிறான். காரிடாரில் பார்த்தால் “குட் மார்னிங் சார்” என்கிறான். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. டிஸ்டிங்ஷன் விஷயத்தை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கலாம். சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது மென்டரிங் நோட்டில் அந்த வரியை எழுதுவதில்லை. பிள்ளைகளை உட்கார வைத்துக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், எப்படி வந்தாய் என்று கேட்கிறேன். சிலர் பேசுகிறார்கள், சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது.

நேற்று ஒரு பெண் மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். 69 சதவீதம், மஞ்சள் காமாலை. சரியாகத்தான் இருக்கிறது. கூப்பிட்டு உண்மையா என்று கேட்டால், இல்லை என்று சொன்னால், நான் என்ன செய்வேன்? கையெழுத்தும் போடவில்லை, கேட்கவும் இல்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.