கட்டணச் சுவர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசி மையமான இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. எனக்கு இது பெரிய குறை.

கட்டுரை திறக்காமல் பணம் கேட்டால், பெரும்பாலும் காரணம் ஐபி முகவரிதான், அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண். அதை வைத்துத்தான் நீங்கள் வளாகத்தில் இருக்கிறீர்களா என்று பதிப்பகத் தளம் அறிகிறது. போன் வளாக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கும், அல்லது ஐபி முகவரியை மாற்றிக் காட்டும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு, வளாக இணைப்பில் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) கொண்டு மறுபடி திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து படிக்க, இன்ஃப்ளிப்நெட்டின் உள்நுழைவுச் சேவையான இன்ஃபெட் வழி நுழைவு உண்டு. அதற்கான பயனர் கணக்கை நூலகம்தான் உருவாக்கித் தர வேண்டும்.

கருவி வைத்து ஒரு இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகம் தடுப்பது உங்களை மட்டுமல்ல, வளாகம் முழுவதையும்.

ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். தமிழ்த் தலைப்புகளைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும், ரோமனில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களிலும் தேடுங்கள். பல ஆய்வேடுகள் ஸ்கேன் படங்கள் என்பதால் உள்ளே சொல் தேடினால் கிடைக்காது. இயல்கள் தனித்தனி பிடிஎஃப்களாக இருக்கும். '80' என்று தொடங்கும் கோப்பில் முடிவுரை இருக்கும், அதை முதலில் படித்தால் நேரம் மிச்சம்.

இன்னும் கிடைக்கவில்லையா? குறிப்புதவி நூலகரிடம் முழு விவரத்தையும், ஏற்கெனவே தேடிய இடங்களையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் நூலகம் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியும்.