தகுதியிழப்பு நீங்கியதும், நீக்கப்பட்ட கம்பெனி மீண்டதும்

கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை வாங்கி விருந்தினர் விடுதியாக நடத்தும் எண்ணத்துடன் என் சித்தப்பா ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினார். அதற்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதால் இரண்டாவது பெயராக என்னுடையது சேர்ந்தது. ஒரு சிறு பங்கும் என் பெயரில் இருந்தது. வீடு வாங்கப்பட்டது, விடுதி வரவில்லை. சித்தப்பா நோயில் விழுந்தபின் ஆண்டுக் கணக்கும் ஆண்டு அறிக்கையும் கம்பெனிகள் பதிவாளருக்குப் போகவே இல்லை.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 164(2)இன்படி, தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்கு இவற்றைத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார்கள். 2017இல் நாடெங்கும் லட்சக்கணக்கானோரின் பெயர்கள் இப்படிப் பட்டியலிடப்பட்டன. எனக்குத் தனியாக நோட்டீஸ் எதுவும் வரவில்லை. காரைக்குடியில் ஒழுங்காகக் கணக்குக் காட்டி நான் நடத்திவரும் ஆத்தங்குடிக் கல் வியாபாரக் கம்பெனியின் படிவத்தில் என் டிஜிட்டல் கையொப்பம் ஏற்கப்படாதபோதுதான், என் இயக்குநர் அடையாள எண்ணான டின் முடக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தவறிய கம்பெனியைவிட, தவறாத கம்பெனியே இதில் அதிகம் அடிபடுகிறது என்பது என் கருத்து.

கம்பெனிச் சட்ட வேலைகளைக் கவனிக்கும் தொழில்முறை ஆலோசகரான, மதுரையிலுள்ள கம்பெனி செக்ரட்டரி ஒருவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பூட்டு ரெண்டு. ஒண்ணு உங்க டின்னுல, இன்னொண்ணு கம்பெனியில. சாவி வேற வேற இடத்துல இருக்கு" என்றார். சித்தப்பாவின் கம்பெனி பிரிவு 248இன்கீழ்ப் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டிருந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். 30,000 ரூபாய்க் கட்டணத்தில் தாமதத்தை மன்னித்த 2018ஆம் ஆண்டுத் திட்டமும், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மீட்டுத் தந்தாலன்றி நீக்கப்பட்ட கம்பெனிக்குப் பயன்படாததாக இருந்தது.

டின் என்ற முதல் பூட்டுக்கு, அதிகாரியின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. சிவகங்கை மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டதால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பிரிவு 164 நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1 அன்றுதான், அதற்கு முந்தைய நிதியாண்டை மூன்றில் ஒன்றாக எண்ணக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருந்ததையே எங்கள் வழக்கறிஞர் முதன்மையாக நம்பினார். டின் மீண்டும் இயங்கியது. இப்படி டின்னை முடக்கப் பதிவாளருக்கு விதிகளில் அதிகாரமில்லை என்று 2020 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் கூறியது. ஆனால் அந்தத் தீர்ப்பு, விசாரணை நடத்தி, தவறு எந்த இயக்குநருடையது என்று தீர்மானித்து, பதிவாளர் புதிதாக நடவடிக்கை எடுக்க இடம் விட்டிருக்கிறது. ரிட்டில் வென்றதும் பழைய பாக்கியெல்லாம் தீர்ந்ததாக நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

வீடு கம்பெனியின் பெயரில் இருந்ததால் அடுத்த பூட்டையும் விட முடியவில்லை. பிரிவு 252இன்கீழ், பாதிக்கப்பட்ட எவரும் மூன்று ஆண்டுகளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனியோ, அதன் உறுப்பினரோ, கடன் கொடுத்தவரோ, தொழிலாளியோ என்றால், அரசிதழில் அறிவிப்பு வெளியானதிலிருந்து இருபது ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பங்குதாரர் என்ற முறையில், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் நான் மனுச் செய்தேன். நீக்கத்தின்போது கம்பெனி இயங்கியது என்று காட்ட வேண்டும், அல்லது அதை மீட்பது நியாயம் என்று தீர்ப்பாயத்துக்குத் தோன்ற வேண்டும். எங்களிடம் வியாபாரம் இல்லை. கிரயப் பத்திரமும் வீட்டுவரி ரசீதுகளும் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்புகளும் இருந்தன. கம்பெனி இல்லாமற் போனால் அந்தச் சொத்தை விற்கவும் பிரிக்கவும் ஆளில்லை என்ற வாதமே எங்களுக்குக் கைகொடுத்தது. பதிவாளர் அறிக்கை தந்தார், பாக்கிகளைத் தாக்கல் செய்தால் ஆட்சேபம் இல்லை என்று.

கம்பெனியை மீட்ட தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகலை, உத்தரவைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ஐஎன்சி-28 படிவத்தில் இணைத்த பின்னரே, ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, ஆண்டு அறிக்கைக்கான எம்ஜிடி-7 ஆகிய படிவங்களின் பாக்கிகளைத் தாக்கல் செய்ய வழி திறந்தது. 2018 ஜூலையிலிருந்து ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய்த் தாமதக் கட்டணம் என்பதால், வழக்குச் செலவைவிட அதுவே கனத்தது. விடுதி இனி வரப்போவதில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். வீட்டை விற்கும்வரை கம்பெனியைப் பிரிவு 455இன்கீழ்ச் செயலற்ற நிலையில் வைக்க விண்ணப்பித்திருக்கிறோம். அந்த நிலையிலும் ஆண்டுதோறும் எம்எஸ்சி-3 என்ற படிவம் போயாக வேண்டும்.