பாட்டு ஓடாத டீக்கடை

வெளிநாட்டுச் சேனலுக்காக எடுத்த ஆவணப்படத்தில் தமிழ்நாட்டு டீக்கடை வந்தால், கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாய்லர் சத்தம் இருக்கும், கிளாஸ் கழுவும் சத்தம் இருக்கும், காக்காய் கூடக் கத்தும். பாட்டு மட்டும் இருக்காது. அப்படி ஒரு டீக்கடையை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் டீக்கடையை அப்படி ஆக்கித் தருவது என் வேலையில் ஒரு பகுதி.

வளசரவாக்கத்தில் மாடியில் இயங்கும் ஒரு சின்ன கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ஆவணப்படங்கள் மட்டும்தான் எடுக்கிறோம், பெரும்பாலும் ஐரோப்பியச் சேனல்களுக்கு. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பார்த்தால் "எப்ப சினிமாவுக்குப் போகப் போற?" என்பார்கள். அது கிடக்கட்டும்.

தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு படம் எடுத்தோம். விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள் வழியில் டீ குடிக்கும் காட்சி இயக்குநருக்கு வேண்டும். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும். கடைக்காரரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம் பாட்டை நிறுத்திக்கலாமா?"

"ஏன் தம்பி, இந்தப் பாட்டு பிடிக்கலியா? வேற போடட்டா?"

நிறுத்தினார். உடனே கடையே மாறிப்போனது. அதுவரை பாட்டுக்கு மேல் குரலை உயர்த்திச் சம்பளப் பாக்கி, மருமகள், மழை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பேச்சு அடுத்த பெஞ்சுக்குக் கேட்கிறது என்றதும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் டீயை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கேமரா இதைப் படம் பிடித்தது. படத்தைப் பார்த்த ஐரோப்பியர் ஒருவர், "எவ்வளவு அமைதியான மக்கள்" என்றார். தூத்துக்குடிக்காரர்களைப் பற்றி!

ஏன் இந்தப் பாடு? ஒரு சினிமாப் பாட்டுக்கு ஒரே சொந்தக்காரர் கிடையாது. வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. இந்தியச் சட்டப்படி, வரிக்கும் மெட்டுக்குமான உரிமை அவற்றை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை போகும், ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியாகி 60 ஆண்டு வரை போகும். எல்லா நாட்டுக்கும், எல்லா வகை ஒளிபரப்புக்கும், காலக்கெடு இல்லாமல் வேண்டும் என்று கேட்டால், டீக்கடையில் இருபது விநாடி ஓடும் பாட்டுக்கு எங்கள் படத்தின் எடிட்டிங் செலவுக்குச் சமமான தொகையைச் சொல்வார்கள். வாங்காமல் விடவும் முடியாது. சேனல் படத்தை வாங்கும் முன் 'எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்' இன்ஷூரன்ஸ் கேட்கும், படத்தில் இருப்பதற்கு உரிமை கேட்டு யாராவது வழக்குப் போட்டால் செலவை ஏற்கும் இன்ஷூரன்ஸ் அது. இன்ஷூரன்ஸ்காரர் படத்தில் காதில் விழும் ஒவ்வொரு பாட்டுக்கும் காகிதம் கேட்பார்.

நம்ம ஊர் 1957 காப்புரிமைச் சட்டத்தில், பின்னணியில் தற்செயலாக வரும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கில் பாட்டு கிடையாது. சுவரில் இருக்கும் அம்மன் படம் தப்பிக்கும், ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடும் அம்மன் பாட்டு மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஆவணப்படக்காரர்கள் 2005இல் ஒன்றுகூடி, அடுத்தவர் படைப்பை எப்போது அனுமதி வாங்காமலே கொஞ்சம் பயன்படுத்தலாம் என்று, 'நியாயமான பயன்பாடு' பற்றி நெறிமுறை எழுதிவைத்தார்கள், அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பிறகு அதை ஏற்றுக்கொண்டன. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் படம் அமெரிக்காவோடு நிற்பதில்லையே.

பாஸ்டனில் பிளாக்சைடு என்று ஒரு தனியார் ஆவணப்படக் கம்பெனி இருந்தது. ஹென்றி ஹாம்ப்டன் 1968இல் தொடங்கியது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்று 14 பகுதிகள் எடுத்தார்கள். 1987இல் ஆறு, 1990இல் எட்டு. பழைய செய்திப்படங்களுக்கும் பாட்டுகளுக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை வாங்கும் அளவுக்குத்தான் கையில் காசு இருந்தது. கெடு முடிந்ததும் தொடரை ஒளிபரப்ப முடியாமல் போனது. மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கூட இருப்பவர்கள் ஹேப்பி பர்த்டே பாடும் காட்சி ஒன்று அதில் உண்டு. அந்தப் பாட்டுக்கும் அப்போது ஒரு கம்பெனி உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது (அது செல்லாது என்று நீதிபதி சொன்னது 2015இல்தான்). ஃபோர்டு அறக்கட்டளை போன்றவர்கள் பணம் கொடுத்து, உரிமைகளைப் புதுப்பித்து, 2006இல் தொடர் மறுபடி டிவிக்கு வரத் தொடங்கியது. ஹாம்ப்டன் 1998லேயே இறந்துவிட்டார்.

இதைத் தெரிந்த பிறகு யாருக்குத்தான் டீக்கடை ஸ்பீக்கரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்காது? போதாததற்கு, பேட்டி கொடுப்பவரின் ரிங்டோன், அந்தப் பக்கம் போகும் தனியார் பஸ், ஆடி மாதம் என்றால் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர்.

அப்புறம் இன்னொரு கூத்து. நாட்டுப்புறப் பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, பாடுகிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அதனால் வெளிநாட்டுக்குப் போகும் படங்களில் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் தாலாட்டும் ஒப்பாரியுமாகப் பாடிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் படம் எடுத்த அக்கா, பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே முணுமுணுத்தது எண்பதுகளின் சினிமாப் பாட்டு. இழுக்கும்போது ஒரு வரி, பலகையைத் திருப்பும்போது அடுத்த வரி என்று கைக்கும் பாட்டுக்கும் அவ்வளவு பொருத்தம். வெயிலில் உப்பு பளபளக்க, அந்தப் படத்திலேயே உயிருள்ள காட்சி அதுதான். வேறு ஏதாவது நாட்டுப்பாட்டு பாடச் சொல்லலாமா என்று அந்தச் சேனலிலிருந்து மெயில் வந்தது. நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டு முணுமுணுத்ததற்காக ஒருவரிடம் போய், உங்கள் பாட்டு சரியில்லை, உங்கள் பாட்டி பாட்டைப் பாடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? கடைசியில் அவர் குரலை எடுத்துவிட்டு, வயலின் போட்டு அனுப்பினோம்.

இப்போது அடுத்த படத்துக்குப் பட்ஜெட் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'சினிமாப் பாட்டு ஒன்று, உலக உரிமை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சேனல்காரர்கள் முதலில் அடிக்கப்போவது அந்த வரியைத்தான் என்கிறார் இயக்குநர். அடித்தால், பின்னணி இசைக்கு ஒதுக்கியிருக்கும் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றிருக்கிறேன். வயலின் இல்லாவிட்டால் படம் ஒன்றும் கெட்டுவிடாது.