மில்லி கணக்கு

நவம்பர் 23, 2024
குட்டி பிறந்துவிட்டது, 29 வாரத்திலேயே. 1120 கிராம்.

நவம்பர் 24
அரை மணி நேரம் பீய்ச்சி வந்தது 0.8 மில்லி. மஞ்சளாக, பிசுக்கென்று. இதை எப்படி நீட்டுவது என்று கூசிப்போனேன். "சீம்பால்மா, சொட்டுகூட வீணாக்கக் கூடாது" என்று சிஸ்டர் பஞ்சில் தொட்டுக் குட்டியின் கன்னத்துக்குள் தடவினார். மிச்சம் குழாய் வழியே வயிற்றுக்கு. 2 மணி நேரத்துக்கு ஒருதரம் 1 மில்லி. பசியாற இல்லையாம், குடலைப் பழக்க.

நவம்பர் 26
புரோபயாட்டிக் பற்றி டாக்டர் பேசினார். குறைமாதக் குடலில் கெட்ட கிருமி பெருகினால் குடலே அழுகலாம். நல்ல கிருமி கொடுத்தால் அது குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. "பாலுக்கு உறை ஊத்துற மாதிரியா?" என்றார் அத்தை. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 2023இல் அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தைக்கு அந்தக் கிருமியே ரத்தத்தில் ஏறி, குழந்தை இறந்திருக்கிறது. அதையும் டாக்டரே சொன்னார், மறைக்கவில்லை. நம்முடையது கிலோவுக்கு மேல்தானே? கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 27
2 மில்லி. வயிற்றில் செரிக்காமல் தங்கிய எச்சம் இல்லை.

நவம்பர் 28
எடை 1040. முதல் வாரம் இறங்கத்தான் செய்யுமாம். கிலோவுக்கு மேல் 40 கிராம்தான் மிச்சம்.
தாய்மார் அறையில் இடமில்லை. நான் கடலூரில், அம்மா வீட்டில். என் கணவர் காலையும் மாலையும் ஐஸ்பெட்டியோடு பஸ்ஸில், பாண்டி ஆஸ்பத்திரிக்கு.

நவம்பர் 30
புயல். கரண்ட் இல்லை. மாலைப் பால் போகவில்லை.

டிசம்பர் 1
பாண்டியில் 40 செ.மீ.க்கு மேல் மழையாம். அவர் போன் பகல் மூன்றுக்குத்தான் கிடைத்தது. குட்டிக்கு வேறொரு தாயின் பால், 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியது. யாரென்று தெரியாது. அவள் நன்றாக இருக்கட்டும்.
எனக்கு இங்கே மார்பு கல்லாகக் கனக்கிறது.

டிசம்பர் 2
சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி வருகிறது. பஸ் இல்லை. ஃபிரிட்ஜ் வெந்நீர்ப்பானை போல. 90 மில்லியை வாஷ்பேசினில் ஊற்றினேன். குழாயைத் திறக்க மனம் வரவில்லை, வெள்ளையாகக் கொஞ்சநேரம் நின்றது.
இரவு 9: எச்சம் பச்சை. வயிறு உப்பியிருக்கிறது. பால் நிறுத்தம்.

டிசம்பர் 3
எக்ஸ்ரே பரவாயில்லையாம். பரவாயில்லை என்றால் என்ன? வயிறு எத்தனை செ.மீ. என்று கேளுங்கள் என்றேன். நேற்று 23, இன்று 22. எடை கேட்டேன். 1030.

டிசம்பர் 4
வண்டி ஓடுகிறதாம். 60 மில்லி, ஐஸோடு, மடியில். கிளம்பிவிட்டேன்.
11 மணி: 1 மில்லியில் மறுபடி ஆரம்பம். இரண்டு மணிநேரம் கழித்து எச்சம் பார்ப்பார்கள்.