பில் அனுப்பத்தானே, பாஸ்வேர்டு எதற்கு?

மண்ணடியில் வால்வு, பைப் ஃபிட்டிங் விற்கும் ஒரு மொத்தக் கடைக்கு நான் கணக்கு பார்க்கிறேன். இன்வாய்ஸ், பாக்கி நினைவூட்டல் எல்லாம் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்தே பார்ட்டிகளுக்கு மெயிலில் போய்விட வேண்டும் என்று கடைக்கார பாய் ஆசைப்பட்டார். அதுவரை ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப் ஆக்கி, ஜிமெயிலைத் திறந்து, கையால் இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சாஃப்ட்வேர் டீலரிடம் கேட்டதற்கு, "மெயில் ஐடி, பாஸ்வேர்டு ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், ரிமோட்ல வந்து போட்டுத் தர்றேன்" என்றார்கள். பாய் போனை எடுத்து அனுப்பவே ஆரம்பித்துவிட்டார். தடுத்து நிறுத்தினேன்.

அந்த ஒரு மெயிலுக்குள்தான் கடையே இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி, வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனிகளின் விலைப்பட்டியல், எல்லாம் அங்கேதான் வருகிறது. "பாய், நம்ம மெயில்லேர்ந்தே எவனாவது பார்ட்டிக்கு 'எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இனிமே இந்த நம்பருக்குப் போடுங்க'ன்னு அனுப்பினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். "சரிப்பா, நீயே பாரு" என்றார்.

டீலர் அனுப்பிய வழிகாட்டியில், 'பாதுகாப்பு குறைந்த ஆப்களை அனுமதி' என்ற பொத்தானை ஆன் செய்யச் சொல்லியிருந்தது. வெறும் பாஸ்வேர்டை வைத்தே வேறு சாஃப்ட்வேர்களை மெயிலுக்குள் விடும் வழி அது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை 2022 மே 30-லேயே கூகுள் மூடிவிட்டது. பிறகு எங்கே போய் ஆன் செய்வது? சாதாரண பாஸ்வேர்டைப் போட்டால் பெரும்பாலும் 535 என்று ஆரம்பிக்கும் பிழைச் செய்திதான் வரும். இது புரியாமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய பேர்.

மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, ஆப் பாஸ்வேர்டு. இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் ஓடிபியையும் கேட்பது) ஆன் செய்த கணக்குக்கு கூகுளே 16 எழுத்தில் ஒன்றை உருவாக்கித் தரும். அதை சாஃப்ட்வேரில் ஒட்டினால் வேலை முடிந்தது. டீலருக்கும் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் அந்த 16 எழுத்து யார் கையில் கிடைத்தாலும், ஐமேப் (வேறு சாஃப்ட்வேரிலிருந்து மெயிலைப் படிக்கும் முறை) வழியாக மொத்த இன்பாக்ஸையும் படிக்கலாம். ஓடிபி எதுவும் கேட்காது. எங்கள் சாஃப்ட்வேரில் அது டேட்டா பேக்கப்போடு சேர்ந்தே போகும் என்று டீலர் ஆபீஸ் பையனே சொன்னான். அந்த பேக்கப் பென்டிரைவ் எத்தனை பேர் கைக்குப் போய்வருகிறது என்பது எனக்குத் தெரியும். பில் கொடுக்கப் போகிற பையனிடம் கல்லாச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிற கதைதான்.

இன்னொன்று ஓஆத், அதாவது பாஸ்வேர்டைத் தராமலேயே ஒரு சாஃப்ட்வேருக்கு அனுமதி கொடுக்கும் முறை. 'கூகுள் மூலம் இணை' என்று ஒரு பொத்தான் இருக்கும். சாஃப்ட்வேரின் புதிய பதிப்பில் இது வந்திருந்தது. டீலர் சொல்லவில்லை, அமைப்புகளைத் துழாவியபோது கண்ணில் பட்டது. அழுத்தினால் பிரவுசரில் கூகுளின் பக்கம் திறக்கும். அட்ரஸ் பாரில் 'அக்கவுன்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பாஸ்வேர்டைக் கூகுளிடம் மட்டும்தான் தருகிறோம். சாஃப்ட்வேருக்குப் போவது ஒரு டோக்கன், நாம் அனுமதித்த வேலைக்கு மட்டும் செல்லும் சீட்டு மாதிரி.

அடுத்து வரும் அனுமதிப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. எங்களுக்கு வந்ததில், 'உங்கள் ஜிமெயிலில் உள்ள எல்லா மின்னஞ்சல்களையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க' என்று இருந்தது. பில் அனுப்பப் போகிற சாஃப்ட்வேர் எதற்கு அழிக்க வேண்டும்? ரத்து செய்துவிட்டு டீலருக்குப் போன் போட்டேன். கொள்முதல் பில்களை இன்பாக்ஸிலிருந்து தானாக எடுக்கும் வசதி ஆன் ஆகியிருந்ததாம். அதை ஆஃப் செய்து மறுபடி இணைத்தபோது 'உங்கள் சார்பாக மின்னஞ்சல் அனுப்ப' என்ற ஒரே வரி மட்டும் வந்தது. அதற்கு டிக் போட்டேன். எல்லா சாஃப்ட்வேரிலும் இப்படிக் குறைக்க முடியாது. ஐமேப், எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் பொதுவான முறை) வழியாக ஓஆத் பயன்படுத்துபவை முழு அனுமதி கேட்டுத்தான் தீரும். கூகுளின் ஏபிஐ (சாஃப்ட்வேர்கள் ஜிமெயிலோடு நேரடியாகப் பேச கூகுள் வைத்திருக்கும் வழி) வழியாக அனுப்புபவைதான் 'அனுப்ப மட்டும்' என்று கேட்க முடியும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு பாய் நம்பரில் இருப்பதில் ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஜும்ஆவுக்குப் போய்விட்டால் ஓடிபியும் கூடவே போய்விடும். கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளை பிரின்ட் எடுத்து பீரோவில் வைத்துவிட்டோம்.

அப்புறம் ஸ்கேனர். கடையில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேன் செய்வதை நேராக மெயிலில் அனுப்பும். அதற்கு ஓஆத் என்றால் என்னவென்றே தெரியாது. சர்வர், போர்ட், பெயர், பாஸ்வேர்டு, இவ்வளவுதான் கேட்கும். அதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து, அதற்கு மட்டும் ஆப் பாஸ்வேர்டு எடுத்தேன். போர்ட் 25, குறியாக்கம் இல்லை என்று கிடந்ததை 465, எஸ்எஸ்எல் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவது) என்று மாற்றினேன். அந்தக் கணக்கில் ஸ்கேன் செய்த டெலிவரி சலானைத் தவிர வேறெதுவும் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பகுதிக்குப் போய் சாஃப்ட்வேரை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தேன். அடுத்த பில் போகவில்லை. அனுமதியை நீக்கினால் நிஜமாகவே நிற்கிறது, நல்லது என்று மறுபடி இணைத்தேன்.

பிறகு கடையில் ஒரு பையன் வேலையை விட்டு நின்றபோது மெயில் பாஸ்வேர்டை மாற்றினோம். அப்போதும் பில் போவது நின்றது. பாஸ்வேர்டு மாறினால் ஜிமெயில் அனுமதி உள்ள டோக்கன்களைக் கூகுள் ரத்து செய்துவிடும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தி மீண்டும் இணைத்ததும் சரியாகிவிட்டது. தனிக் கணக்கில் இருந்ததால் ஸ்கேனருக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்ட்டிகளில் பாதிப் பேர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் பில் கேட்கிறார்கள். அதையும் சாஃப்ட்வேரிலேயே இணைக்கலாமா என்று பாய் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார்.