தெருவாரியாகக் கேளுங்கள்

தர்மபுரி மாதிரி ஊரில் நகராட்சிச் சேவை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம் என்றால், முதலில் கேள்வி சரியாக இருக்க வேண்டும். 'குடிநீர் வசதி திருப்தியா?' என்று கேட்டால் பாதிப் பேர் 'பரவாயில்லை' என்பார்கள், அதை வைத்து எந்தப் பொறியாளரும் எதையும் சரிசெய்ய முடியாது. எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, எந்த நேரத்தில், எத்தனை குடம் பிடிக்க முடிகிறது, குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வி நம் மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு என்று எத்தனையோ பேர் அவதிப்பட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் வராத நாளில் ஒரு வீடு மறுபடி போர் தண்ணீருக்குப் போகிறதா என்பது குழாய் இணைப்புக் கணக்கில் தெரியாது, அந்த வீட்டில் குடம் தூக்குகிற பெண்ணைக் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், வார்டு சராசரி வேண்டாம். மேட்டுத் தெருவின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாதது சராசரியில் காணாமல் போய்விடும். செல்போனில் மட்டும் கேட்டாலும் இதே கதிதான், போன் இல்லாத வீடுகள் கணக்கில் வராமலே போய்விடும்.

2022-லேயே நகரங்களில் ஏரியா சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், கூட்டத் தொடங்கிவிட்டார்கள். கருத்துக்கேட்பில் வந்த பதில்களைத் தெருவாரியாக அங்கேயே வாசித்து, எதைச் செய்யப்போகிறோம், எதற்கு இப்போது பணம் இல்லை என்று நேராகச் சொல்லலாம். ஆறு மாதம் கழித்து அதே தெருவில் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.