பாக்ஸ் ஹில்: குன்றின் முதுகில் ஏறி மோல் ஆற்றில் இறங்கும் ஒரு வட்டப் பாதை

இலண்டன் மாநகரின் தெற்கு விளிம்பைக் கடந்து சற்றுத் தொலைவு போனால், கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் நார்த் டவுன்ஸ் என்னும் சுண்ணப்பாறைக் குன்றுத்தொடர் எதிர்ப்படுகிறது. சர்ரே மாவட்டத்தில், டோர்க்கிங் என்ற சிறுநகருக்கு அருகே, மோல் ஆறு இந்தத் தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு நோக்கிப் போகிறது. அந்த வெட்டின் கிழக்குக் கரையில் நிற்பதுதான் பாக்ஸ் ஹில். உயரம் 224 மீட்டர்தான். மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் இலண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் வந்து இறங்கி, குன்று, காடு, ஆற்றங்கரை மூன்றையும் ஒரே வட்டத்தில் நடந்து, மாலைக்குள் வீடு திரும்பிவிட முடிகிற இடங்கள் அதிகமில்லை. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடந்தால் அரை நாள் பிடிக்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் காரை உச்சியிலேயே நிறுத்திவிட்டு, காட்சி மேடைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு இறங்கி, பிறகு அதே செங்குத்துச் சரிவை மூச்சிரைக்க ஏறுகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வழி. நார்த் டவுன்ஸின் பாறை அடுக்குகள் வடக்கு நோக்கி மெல்லச் சாய்ந்தும், தெற்கில் சடாரென்று முறிந்தும் நிற்பவை. அந்தச் சாய்வின் பக்கமிருந்து காட்டு வழியாக ஏறி, முறிவின் விளிம்பில் வெளிப்பட்டு, அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கினால், பாறை எந்தக் கோணத்தில் படுத்திருக்கிறது என்பதைக் காலே சொல்லிக்கொடுத்துவிடும். காட்சியும் முன்கூட்டியே சிந்தாமல் கடைசிவரை காத்திருக்கும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில், வேலை நிமித்தம் இலண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவரோடு பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்தில் இறங்கினேன். நெடுஞ்சாலையின் அடியிலுள்ள சுரங்கப்பாதையைக் கடந்து, பழைய இலண்டன் சாலையில் வடக்கே திரும்பினோம். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாலையோர நடைபாதை, வேலிகள், கார்கள், அவ்வளவே. மிக்கிள்ஹாம் சிற்றூரின் செயின்ட் மைக்கேல் தேவாலயம்வரை போய்விட்டுச் சற்றுத் திரும்பி வந்தோம். குட்டையான நார்மன் காலக் கோபுரத்தையுடைய அந்தத் தேவாலயத்தில், 1793 ஜூலையில், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த தார்ப்ளே என்ற படைத்தலைவர் ஓர் ஆங்கில எழுத்தாளரை மணந்தார். அவரைப் போலவே தப்பி வந்தவர்கள் பலர் பக்கத்திலுள்ள ஜூனிபர் ஹால் மாளிகையில் தங்கியிருந்தார்கள். பின்னாளில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சரான தாலேரானும் அங்கே வந்து போனவர்களில் ஒருவர். இப்போது அந்த மாளிகை மாணவர்களுக்கான களக்கல்வி மையமாக இருக்கிறது. ஆற்றின் வேகத்தையும் சரிவின் மண்ணையும் அளக்கக் கையில் குறிப்பேட்டோடு வரும் பள்ளிப் பிள்ளைகளை இந்த வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

ஜூனிபர் ஹாலைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. மெல்லச் சாயும் பக்கம் என்று முன்னே சொன்னேனே தவிர, முதல் ஏற்றம் கடுமையானது. ஓடைகள் ஒரு காலத்தில் அரித்துப்போட்ட வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றின் சுவரில் அல்லவா ஏறுகிறோம். பீச் மரங்களின் வழவழப்பான சாம்பல் நிறத் தண்டுகளுக்கிடையே, தலைக்கு மேல் இலைகள் கூடிக்கொள்ள, நண்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் விழுகிறது. தரையில் புல் கிடையாது. போன ஆண்டின் இலைச் சருகும், அதற்கடியில் வேர்களும், வேர்களுக்கிடையே வெள்ளை வெளேரென்று பாறையும்தான். மழை பெய்த மறுநாள் இந்த வெள்ளைப் பாறை வெண்ணெய்போல் வழுக்கும்; அடிப்பாகத்தில் நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் வரக்கூடாது.

பாதையில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். வெளியே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் தோல். ஒரு பக்கம் உடைந்திருந்த இடத்தில் உள்ளே கருங்கண்ணாடியின் பளபளப்பு. உடைந்த விளிம்பில் விரலை வைத்தால் கீறிவிடும் கூர்மை. இதுதான் சிக்கிமுக்கிக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இந்த இடம் முழுதும் கடலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசி உயிரிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கடலடியில் படிந்து படிந்து இந்த வெண்பாறையானது; கடற்பஞ்சுகள் போன்ற உயிரினங்களின் சிலிக்கா அதற்குள் முடிச்சு முடிச்சாகத் திரண்டு இந்தக் கல்லானது. பிறகு ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே அழுத்தம் இங்கே நிலத்தைக் கவிழ்த்த படகாக வளைத்தது. காலப்போக்கில் அந்த வளைவின் நடுமுதுகு அரிந்துபோக, வடக்கில் நார்த் டவுன்ஸும் தெற்கில் சவுத் டவுன்ஸும் இரு விளிம்புகளாக எஞ்சின. மிக்கிள்ஹாம் முதல் டோர்க்கிங் வரை பழைய சுவர்களில் பதித்திருக்கும் கறுப்பு வெள்ளைக் கற்களெல்லாம் இந்த முடிச்சுகள்தாம்.

ஏற்றத்தின் மேலே மரங்களுக்கிடையில் அதே சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூனிபர் ஹாலுக்கு உரிமையாளராக இருந்த தாமஸ் பிராட்வுட் கட்டியது. எதற்கும் பயன்படாத, அழகுக்காக மட்டுமே எழுப்பப்பட்ட கோபுரம். இத்தகைய வெட்டிக் கட்டடங்களைத் தம் நிலத்தில் எழுப்புவது அந்தக் காலத்து ஆங்கிலச் செல்வர்களுக்கு ஒரு மோகம். பியானோ செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த இந்த பிராட்வுட்தான் 1817-இல் வியன்னாவிலிருந்த பீத்தோவனுக்கு ஒரு பியானோவைப் பரிசாக அனுப்பியவர். கோபுரத்தைவிட அந்தப் பியானோவால்தான் அவருக்குப் பேர் நிலைத்தது என்பது என் எண்ணம்.

கோபுரத்திலிருந்து உச்சிவரை நடை எளிது. காடு விலகும் இடங்களில் புல்வெளி தலைகாட்டுகிறது. ஓரிடத்தில் பாதையோரக் கொடிகளில், குழந்தையின் கைப்பிடி அளவுக்குப் பெரிய, வெளிறிய பழுப்பு நத்தை ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நண்பர் குனிந்து எடுக்கப் போனார். தொட வேண்டாம் என்று தடுத்தேன். ரோமானிய நத்தை எனப்படும் இந்த இனத்தை இங்கிலாந்தில் பிடிப்பதோ கொல்வதோ விற்பதோ 2008 முதல் சட்டப்படி குற்றம். ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் இத்தகைய நிலத்தில்தான் இது செழிக்கிறது. புல்வெளியும் தானாக அமைந்ததல்ல. ஆடுமாடு மேயாமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டி, பிறகு காடாகிவிடும். அதனால் குன்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளை இங்கே மாடுகளை மேயவிடுகிறது. கறுத்த உடலின் நடுவே அகன்ற வெள்ளைப் பட்டை ஓடும் பெல்டட் காலோவே என்னும் ஸ்காட்லாந்து இனம் அது. அவை கடித்துக் குட்டையாக்கிய புல்லுக்கிடையில்தான் காட்டு மார்ஜோரம் என்னும் மணப்பூண்டும், ஆர்க்கிட் வகைகளும், இந்தப் புல்வெளியை நம்பி வாழும் நீல வண்ணத்துப்பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன. நாங்கள் போனபோது மார்ஜோரம் ஊதா நிறத்தில் பூத்து, மிதித்த இடத்திலெல்லாம் மணத்தது.

உச்சியில் சிற்றுண்டிச் சாலையும் சைக்கிள்காரர்களின் கூட்டமும் இருக்கும். வளைந்து வளைந்து மேலேறும் ஸிக் ஸாக் சாலை 2012 இலண்டன் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தின் பாதை. ஆண்கள் இந்தக் குன்றை ஒன்பது சுற்றும், பெண்கள் இரண்டு சுற்றும் சுற்றினார்கள். அந்தப் புகழ் இன்னும் வடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் கோட்டைக்குப் போவது நல்லது. பிரான்ஸ் படையெடுத்தால் இலண்டனைக் காக்கவென்று 1890-களில் நார்த் டவுன்ஸ் நெடுகிலும் கட்டிய 13 காவல்நிலைகளில் ஒன்று இது. எதிரி வரவேயில்லை, சில ஆண்டுகளில் இராணுவமும் கைவிட்டது. உள்ளே இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன. மனிதர்கள் வெளியிலிருந்து மட்டும் பார்க்கலாம்.

கோட்டைக்கு மேற்கே, சரிவின் மர நிழலில், எளிதில் கண்ணில் படாத நினைவுக்கல் ஒன்று உண்டு. டோர்க்கிங்கில் வாழ்ந்த மேஜர் பீட்டர் லேபிலியர் 1800-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே இந்தக் குன்றில் தலைகீழாகப் புதைக்கப்பட்டார். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, இறுதிநாளில் அது நிமிரும்போது தாம் மட்டும் நேராக நிற்கலாம் என்பது அவர் கணக்கு. கிறுக்கர் என்று ஊர் அவரைச் சிரித்திருக்கிறது; ஆனாலும் சொன்னபடி செய்து கொடுத்திருக்கிறது.

பிறகு விளிம்பு. மரங்கள் முடிந்ததும் நிலம் காலடியில் விழுந்துவிடுகிறது. கீழே டோர்க்கிங்கின் கூரைகள், அதற்கப்பால் வீல்ட் எனப்படும் தாழ்நிலத்தின் வயல்களும் வேலிகளும், தென்மேற்கே 294 மீட்டர் உயர லீத் ஹில், தொடுவானத்தில் சவுத் டவுன்ஸின் நீலக்கோடு. மேலே சொன்ன வளைவின் மறு விளிம்பு அதுதான். இடையில் கிடக்கும் வெளி முழுவதும் அரிந்துபோன முதுகு. எதிர்ச் சரிவில் டென்பீஸ் திராட்சைத் தோட்டத்தின் வரிசைகள் சீப்பால் வாரியதுபோல் தெரிகின்றன. இங்குள்ள கல்மேடை லியோபோல்ட் சாலமன்ஸ் நினைவாக அமைந்தது. வீட்டுமனைகளாக விற்கப்பட்டுவிடக்கூடிய நிலையில் இருந்த இந்தக் குன்றின் 230 ஏக்கரை விலைக்கு வாங்கி 1914-இல் நாட்டுக்குக் கொடுத்தவர் அவர். அந்த ஒரு செயல் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது.

மேடையிலிருந்து இறங்குவது நார்த் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதையின் ஒரு துண்டு. ஃபார்ன்ஹாமிலிருந்து டோவர்வரை போகும் அந்தப் பாதையை ஓக் விதைச் சின்னம் பொறித்த கம்பங்கள் காட்டிக்கொடுக்கும். இங்கே அது 275 படிகளாகச் செங்குத்தாக விழுகிறது. மண்ணில் மரக்கட்டைகளைப் பதித்த படிகள், ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாதவை. முழங்கால் வலிக்காரர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அஞ்ச வேண்டும். ஆனால் இந்த நடையின் ஆகச் சிறந்த காடு இதுதான். பீச் மரங்கள் இங்கே பிழைக்க முடியாத அளவுக்குச் சரிவு. ஆறு கீழே குன்றின் பாதத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் மண் ஒருபோதும் நிலைப்பதில்லை. அந்த மெல்லிய மண்ணில் யூ என்னும் ஊசியிலை மரங்களும், குன்றுக்குப் பேர் தந்த பாக்ஸ் மரங்களும் மட்டும் வேரூன்றி நிற்கின்றன. இரண்டும் குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை. பாக்ஸ் மரம் விரலளவு தடிக்கவே பல ஆண்டுகள் எடுக்கும். அத்தனை நெருக்கமான வைரம் என்பதால் அந்தக் கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும். புத்தகங்களில் படம் அச்சிடச் செதுக்கும் அச்சுக்கட்டைக்கு இதைவிட உகந்த மரமில்லை என்று பழைய செதுக்குக் கலைஞர்கள் தேடி வாங்கினார்கள். இலையைக் கசக்கினால் சற்றுக் காட்டமான வாடை வரும். சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

படிகள் முடியும் இடத்தில் மோல். மேற்கு சசெக்ஸில் பிறந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிரே தேம்ஸில் கலக்கும் ஆறு. களிமண் நிலத்திலிருந்து வருவதால் நீர் தெளிவாக இராது. பச்சை கலந்த பழுப்பு. அதன் குறுக்கே 17 மிதிகற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டாம் உலகப்போரின்போது, ஜெர்மன் படை இறங்கினால் உதவியாகிவிடும் என்று பழைய கற்களை அகற்றிவிட்டார்கள். போர் முடிந்தபின் உள்துறைச் செயலராக இருந்த சூட்டர் ஈட் புதிய கற்களை அளிக்க, 1946-இல் பிரதமர் கிளெமென்ட் அட்லி திறந்து வைத்தார். இந்தியாவின் விடுதலையைக் கையிலெடுத்த அதே அட்லிதான். கற்கள் அகலமானவை, தாண்டுவதற்குச் சிரமமில்லை. நடுக்கல்லில் நின்றபோது எதிரிலிருந்து ஒரு குடும்பமே வர, எல்லோரும் ஓரமாக ஒட்டி நின்று வழிவிட்டுக் கடந்தோம். சற்றுக் கீழே, இரண்டாம் உலகப்போரில் உயிரிழந்த நடைப்பயணிகளின் நினைவாகக் கட்டிய ஒரு நடைபாலம் இருக்கிறது. அதன் வழியே மறுபடி கிழக்குக் கரைக்கு வந்தோம்.

ஆற்றோரமாகப் போகும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் பாறை தன் மறுமுகத்தைக் காட்டுகிறது. மோலின் படுகையில் இங்கிருந்து வடக்கேயுள்ள லெதர்ஹெட் நகர்வரை நீரை உறிஞ்சும் துளைகள் பல உள்ளன. மழைநீரின் மெல்லிய அமிலம் சுண்ணப்பாறையைக் கரைத்து உண்டாக்கியவை அவை. கடும் வறட்சி ஆண்டுகளில் ஆறு இந்தப் பகுதியில் தரைக்கடியில் மறைந்து, கீழே லெதர்ஹெட் பக்கம் மீண்டும் வெளிப்படும். நாங்கள் பார்த்தபோது ஓட்டம் இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. மேலே புல்வெளியில் ஒரு சொட்டு நீர் தங்காததற்கும், காட்டுப் பள்ளத்தாக்குகள் ஓடையில்லாமல் வறண்டு கிடப்பதற்கும் காரணம் இதே துளைப் பாறை. மதகும் அணையும் பார்த்துப் பழகிய எனக்கு, ஆறு தானே ஒளிந்துகொள்வது புதுமையாக இருந்தது. அங்கேயே கரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம்.

அங்கிருந்து பர்ஃபோர்ட் பாலம் சிறிது தூரம். புல்வெளியின் முடிவில் 1801-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் தங்கிய பழைய விடுதியின் பின்புறம் தெரியும். பாலத்திலிருந்து நிலையம் பத்து நிமிட நடை. போகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். குளிர்காலத்திலும் பெருமழைக்குப் பின்னும் மிதிகற்கள் நீருக்கடியில் போய்விடும். அப்போது துணிந்து இறங்காமல் நடைபாலத்தையே பயன்படுத்துங்கள். கற்கள் மூழ்கினாலும் வட்டம் அறுந்துவிடாது.